வீல் மாற்றும்போது டயர் பிரஷர் சென்சார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஜீப் ராங்லர், டொயோட்டா 4ரன்னர், ஃபோர்டு பிராங்கோ மாதிரி வண்டிகளுக்குப் பெரிய டயரும் புது ரிம்மும் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. பதில்களில் அதிகம் வருவது 2018 முதல் விற்பனையில் உள்ள ராங்லர் ஜேஎல். மற்ற வண்டிகளில் முறை மாறும் இடங்களில் அதைத் தனியே குறித்திருக்கிறோம்.

டயர் பிரஷர் சென்சார் எங்கே இருக்கு? டயர்லயா, ரிம்லயா?

ரிம்மில். வெளியே தெரிகிற வால்வுக் குழாயின் உள்முனையில், டயர் மூடுகிற இடத்தில், தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதற்குள் பிரஷர் சென்சார், ஒரு ரேடியோ, சுழற்சியை உணரும் ஒரு சிப், ஒரு லித்தியம் பேட்டரி. வண்டி ஓடத் தொடங்கியதும் அது விழித்துக்கொண்டு, தன் அடையாள எண்ணையும் காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் சீரான இடைவெளியில் அனுப்பும். நின்றுவிட்டால் பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிவிடும்.

சில வண்டிகளில் ரிம்முக்குள் எதுவுமே இருக்காது. ஏபிஎஸ் சென்சாரை வைத்து எந்த வீல் வேகமாகச் சுற்றுகிறது என்று கணக்குப் போட்டே காற்று குறைந்ததைச் சொல்லும். அந்த வகை வண்டி உங்களுடையது என்றால், வீல் மாற்றியபின் மெனுவில் ஒரு ரீசெட் போதும். கீழே உள்ள எதுவும் தேவையில்லை.

புது ரிம் வாங்கினா பழைய சென்சாரையே கழட்டிப் போட்டுக்கலாமா?

போடலாம். அடையாள எண் மாறாது என்பதால் வண்டிக்கு எதையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் வயதைப் பாருங்கள். சென்சார் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 வருடம் தாங்கும். வண்டி 3 வருடத்துக்குள் என்றால் பழையதே போதும். 6 வருடம் தாண்டிவிட்டால் புதிது போடுவதே புத்திசாலித்தனம். அடுத்த வருடம் ஒன்று செத்தால், அந்த ஒன்றுக்காக டயரைக் கழற்றி, மாட்டி, மறுபடி பேலன்ஸ் செய்யும் கூலி சென்சார் விலைக்கு அருகில் வந்துவிடும்.

பழையதை மாற்றிப் போட்டாலும் வால்வு சர்வீஸ் கிட் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். ரப்பர் வாஷர், நட்டு, வால்வு ஊசி, மூடி அதில் வரும். ஒருமுறை இறுக்கி அமுங்கிய ரப்பர் வாஷர் இரண்டாவது ரிம்மில் சரியாக உட்காராது. வாரத்துக்கு 2 பிஎஸ்ஐ குறைகிற, எங்கே கசிகிறது என்று பிடிபடாத தொல்லைக்குப் பாதி நேரம் காரணம் இந்த வாஷர்தான்.

இன்னொன்று: பழைய வீல்களை டயரோடு விற்கப் போகிறீர்கள் என்றால் சென்சாரை அதிலேயே விட்டுவிடுங்கள். சென்சாரோடு இருக்கிற செட் சீக்கிரம் விலை போகும்.

பேட்டரியை மட்டும் மாத்த முடியாதா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாமலிருக்க உள்ளே முழுவதும் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். அறுத்து, பற்றவைத்து மாற்றுகிறவர்கள் உண்டு. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றுகிற, கல்லில் இடிபடுகிற வீலுக்குள் அந்த ஒட்டுவேலை நிற்காது.

சென்சார் இல்லாமலே ஓட்டினா வண்டிக்கு ஏதாவது ஆகுமா?

இன்ஜினுக்கோ கியருக்கோ ஒன்றும் ஆகாது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் 60 முதல் 90 வினாடி வரை மினுக்கிவிட்டு, பிறகு அணையாமல் எரியும். அந்த மினுக்கலுக்கு அர்த்தம் “சென்சாரிடமிருந்து செய்தி வரவில்லை” என்பது. மினுக்காமல் நேரடியாக எரிந்தால் “காற்று குறைவு”. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். கீழே இரண்டு மூன்று இடங்களில் தேவைப்படும்.

டயர் கடையில சென்சார் இல்லாம மாட்ட மாட்டோம்னு சொல்றாங்க. வியாபாரத் தந்திரமா?

இல்லை, சட்டம். 2000-இல் ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கா டிரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் வழியாக வந்த பாதுகாப்பு விதி எண் 138-இன்படி, 2008 மாடலிலிருந்து எல்லா இலகு ரக வண்டியிலும் இந்த அமைப்பு கட்டாயம். பரிந்துரைத்த காற்றழுத்தத்தை விட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும்.

வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு பாதுகாப்பு அமைப்பைத் தெரிந்தே செயலிழக்க வைக்கக் கடைக்கு அனுமதி இல்லை. அந்தத் தடை கடைக்கும் டீலருக்கும்தான், சொந்தக்காரருக்கு இல்லை. வண்டி உள்ளே வரும்போதே சென்சார் செத்திருந்தால் கடைக்காரர் பொறுப்பாக மாட்டார். அதனால்தான் நல்ல கடையில் வேலையைத் தொடங்குமுன் நான்கு வீலையும், சென்சாரை வெளியிலிருந்தே எழுப்பிப் படிக்கும் கருவி வைத்துப் படித்து, பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். மாநில வாகனச் சோதனையில் இந்த விளக்கைப் பார்ப்பார்களா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எந்த சென்சார் வாங்கணும்? 315, 433னு ரெண்டு நம்பர் போட்டிருக்கே.

அது ரேடியோ அலைவரிசை, மெகாஹெர்ட்ஸில். ராங்லர் ஜேஎல் 433. அமெரிக்காவில் விற்ற ஐந்தாம் தலைமுறை 4ரன்னர் 315. தவறான அலைவரிசை வாங்கினால் சென்சார் நன்றாகவே வேலை செய்யும், வண்டிதான் அதைக் கேட்காது. ஒரே அலைவரிசையில் மட்டும் பேசும் சென்சார் என்றால், எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்று வழி இருக்கிறது. கம்பெனி சென்சார்: அப்படியே போடலாம், விலை அதிகம். குறிப்பிட்ட வண்டிக்கென்றே மற்றவர்கள் செய்து விற்கும் சென்சார்: தரம் முன்னே பின்னே இருக்கும். புரோகிராம் செய்யும் வெற்றுச் சென்சார்: ஷ்ரேடர், ஆட்டெல், ஹாமட்டான் போன்றவர்கள் தருகிறார்கள், மாட்டுவதற்கு முன்னால் கருவியில் வண்டியின் மாடலைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். வெற்றுச் சென்சாரின் பெரிய வசதி, பழைய சென்சாரின் எண்ணையே அதில் நகலெடுக்க முடிவது. ஜேஎல்லுக்கு அது தேவைப்படாது. டொயோட்டாவுக்கு அதுதான் சுலபமான வழி. எதை வாங்கினாலும் நாலும் ஒரே வகையாக இருக்கட்டும்.

ரப்பர் வால்வா, மெட்டல் வால்வா? காட்டுப் பாதைக்கு எது நல்லது?

பாறை மேல் ஏறுகிறவர்களுக்கு ரப்பர் பரவாயில்லை என்பது எங்கள் கருத்து. கல்லில் உரசினால் ரப்பர் வளைந்து கொடுக்கும், அலுமினியம் சட்டென்று முறியும். வால்வு ரிம்முக்குள் நன்றாகப் பதிந்திருந்தால் இந்தக் கவலை இல்லை. அப்போது மெட்டலே உறுதி. இரண்டுக்கும் ரிம்மில் 11.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். லாரி வகை ரிம் சிலவற்றில் துளை 15.7 மில்லிமீட்டர் இருக்கும். வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

அலுமினிய வால்வுக்குள் போகும் ஊசி நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். சாதாரணப் பித்தளை ஊசியைப் போட்டால், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பும் ஈரமும் சேர்ந்து இரண்டு உலோகத்தையும் ஒன்றாக அரித்துப் பிடித்துவிடும். பிறகு காற்று இறக்க ஊசியைத் திருகினால் வால்வே கையோடு வரும். மூடிக்கும் இதே கதைதான்: பளபளக்கிற உலோக மூடி வேண்டாம், பிளாஸ்டிக் மூடியே போடுங்கள்.

மாட்டும்போது எந்த இடத்தில் சென்சார் உடையும்?

பெரும்பாலும் கழற்றும்போதுதான். டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரிக்கிற மண்வெட்டி மாதிரித் தகடு வால்வுக்குப் பக்கத்தில் அழுத்தினால் டப்பா நொறுங்கும். அந்தத் தகடு எப்போதும் வால்வுக்கு நேரெதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாட்டும்போது, டயர் ஓரம் கடைசியாக இறுகி உள்ளே விழுகிற இடம் சென்சாருக்கு மேல் வரக்கூடாது. 10 அடுக்கு வலுவுள்ள எல்டி (லைட் டிரக்) டயரின் பக்கச் சுவர் கார் டயரை விட ரொம்ப விறைப்பு. நெம்புகோலால் ஒருமுறை தவறாக நெம்பினாலும் போச்சு.

வேலையின் வரிசை இது. முதலில் ஒவ்வொரு சென்சாரின் உடம்பிலும் அச்சடித்திருக்கிற எண்ணைப் படம் எடுத்து, எது எந்த வீல் என்று எழுதுங்கள். டயர் மூடிய பின் அதைப் படிக்க முடியாது. பிறகு கருவியால் ஒவ்வொன்றையும் எழுப்பிப் பாருங்கள். புதுச் சென்சார் தூங்கும் நிலையில்தான் பெட்டியில் வரும். பிறகு மாட்டி, மெட்டல் வால்வின் நட்டை டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள். பெரும்பாலானவை 4 முதல் 8 நியூட்டன் மீட்டர். சரியான அளவு சென்சார் பெட்டியில் இருக்கும். ஏர் கன் வைத்தால் வால்வுக் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கடைசியில் சென்சாரோடு சேர்த்து பேலன்ஸ்.

வண்டியில் வீலை ஏற்றும்போது, ஜேஎல்லின் வீல் நட்டு 22 மில்லிமீட்டர் சாக்கெட், 176 நியூட்டன் மீட்டர், அதாவது 130 அடி-பவுண்டு. 40 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சரிபாருங்கள்.

புது சென்சாரை வண்டிக்கு எப்படி அடையாளம் காட்டுறது?

வாங்குவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. வண்டிகள் மூன்று வகை.

ராங்லர் ஜேஎல் தானாகவே கற்றுக்கொள்ளும். வீலை மாட்டிவிட்டு வண்டியைச் சுமார் 20 நிமிடம் நிறுத்தி வையுங்கள். பிறகு மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் 20 நிமிடம் வரை ஓட்டுங்கள். திரையில் கோடுகள் போய் எண்கள் வரும். சிக்னலில் நின்று நின்று போனால் நேரம் இழுக்கும். நெடுஞ்சாலையில் ஏறினால் சீக்கிரம் முடியும்.

ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைக் கற்கும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கான வரிசை மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். ஹார்ன் அடித்ததும் முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்ற வரிசையில் ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் தூண்டும் கருவியை வைத்து அழுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் ஒருமுறை அடிக்கும். வீலுக்கு வீல் நின்று யோசித்தால் நேரம் கடந்து முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். கருவியைக் கையில் எடுத்த பிறகு ஆரம்பியுங்கள்.

டொயோட்டாவில் புது எண்களை ஓபிடி எனும் பரிசோதனைப் பிளக் வழியாக வண்டிக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். டீலரிடம் இருக்கும் மென்பொருளோ, ஓபிடி வசதியுள்ள சென்சார் கருவியோ வேண்டும். எண்களை நகலெடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

4ரன்னர்ல ரீசெட் பட்டனை அழுத்தியும் விளக்கு போகலையே?

அந்தப் பட்டன் புது சென்சாரைக் கற்காது. இப்போது டயரில் உள்ள காற்றழுத்தத்தை “இதுதான் சரியான அளவு” என்று பதிவு செய்வது மட்டுமே அதன் வேலை. விளக்கு மினுக்கிவிட்டு எரிகிறது என்றால் எண்கள் பதியவில்லை. மேலே சொன்ன ஓபிடி வழிதான்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. மணலில் 18 பிஎஸ்ஐயில் இருக்கும்போது விளக்குத் தொல்லை தாங்காமல் ரீசெட் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வண்டி 18-ஐயே அளவாக எடுத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் டயர் 20-க்கு இறங்கினாலும் வாய் திறக்காது. ரீசெட் என்பது குளிர்ந்த டயரில், சரியான காற்று அடித்த பிறகு மட்டும்.

ஸ்டெப்னிக்கும் சென்சார் வேணுமா?

ஐந்து வீலையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர் என்றால் வேண்டும். ஜேஎல்லில் சென்சார் உள்ள ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினாலே வண்டி தானாக ஏற்றுக்கொள்ளும். ஸ்டெப்னிக்குள் சென்சார் இருக்கிறதா என்பதைக் கருவி வைத்துப் பார்த்துவிடுங்கள். வால்வைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

ஐந்தாம் தலைமுறை 4ரன்னர் ஸ்டெப்னியின் காற்றையும் கண்காணிக்கும். நாலு டயரும் சரியாக இருக்க, மினுக்காமல் விளக்கு எரிந்தால் வண்டிக்கு அடியில் தொங்குகிற ஐந்தாவதைப் பாருங்கள். அங்கேதான் யாரும் காற்று பார்ப்பதில்லை.

டிரெயில்ல காற்று இறக்கினா சென்சார் கெட்டுடுமா?

கெடாது. 15 பிஎஸ்ஐயோ 10 பிஎஸ்ஐயோ, அது அளந்து சொல்லும், அவ்வளவுதான். விளக்கு எரியும், சில வண்டியில் மணி அடிக்கும். திரையில் நாலு வீலின் அளவும் தெரிகிற வண்டியில் இது வசதியும்கூட: எந்த டயர் மற்றதை விட வேகமாக இறங்குகிறது என்று ஓட்டிக்கொண்டே பார்க்கலாம்.

திரும்பக் காற்று அடித்ததும் விளக்கு உடனே அணையாது. சென்சார் அடுத்த செய்தி அனுப்ப வேண்டும், அதற்கு வண்டி ஓட வேண்டும். ஜீப் கையேட்டின்படி சில நேரம் ஸ்டிக்கர் அளவுக்கு மேல் 4 பிஎஸ்ஐ வரை கூடுதலாக அடித்தால்தான் விளக்கு போகும். குளிரையும் கணக்கில் எடுங்கள்: வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். மதியம் சரியாக அடித்த டயர் மலைமேல் விடியற்காலையில் விளக்கை எரிய வைப்பது இதனால்தான்.

37 இஞ்ச் டயர் போட்டிருக்கேன், 27 பிஎஸ்ஐல தான் நல்லா ஓடுது. விளக்கு எப்பவும் எரியுது, என்ன செய்ய?

கதவோரத்து ஸ்டிக்கரில் 37 பிஎஸ்ஐ போட்டிருந்தால் எச்சரிக்கை எல்லை 28 அளவில் இருக்கும். அந்த ஸ்டிக்கர் கம்பெனி டயருக்கு எழுதியது. பெரிய டயருக்கு அதே காற்று அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும். அதனால் எல்லையைத்தான் மாற்ற வேண்டும். முந்தைய தலைமுறை ராங்லரான ஜேகேயில் ஜேஸ்கேன் என்ற மொபைல் செயலியும் ஒரு ஓபிடி அடாப்டரும் போதும். ஜேஎல்லில், வெளிக் கருவிகளைத் தடுக்கும் பாதுகாப்பு கேட்வே குறுக்கே நிற்கும் என்பதால் பைபாஸ் கேபிள் வேண்டும், அல்லது வண்டியின் அமைப்புகளை மாற்றும் டேசர் போன்ற கருவியை அந்த கேட்வேயிலேயே செருக வேண்டும்.

எவ்வளவு வைப்பது? நீங்கள் ரோட்டில் ஓட்டும் குளிர்ந்த அழுத்தத்துக்கு 5 அல்லது 6 பிஎஸ்ஐ கீழே. 27-இல் ஓட்டினால் 21 அல்லது 22. விளக்கே வரக்கூடாது என்று 10-இல் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் சென்சார் இருந்தும் இல்லாத மாதிரி.

பீட்லாக் ரிம்ல சென்சார் போடலாமா?

பீட்லாக் என்பது காற்று இறக்கினாலும் டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலகாமல் பிடித்து வைப்பது. வெளிப்பக்கம் போல்ட் வளையம் உள்ள பீட்லாக்கில் போடலாம். வால்வுத் துளைக்கு உள்ளே டப்பா உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் ரிம் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். டயருக்குள் தனியாக ஒரு டியூப் ஊதுகிற உள் பீட்லாக்கில் போட முடியாது. அந்த டியூப் நிறையும் இடமும் சென்சாரின் இடமும் ஒன்று, ஊதினதும் நசுங்கிவிடும்.

பேலன்சிங் மணி, பஞ்சர் ஜெல் எல்லாம் சென்சாருக்கு ஆகாதா?

பேலன்சுக்காக டயருக்குள் கொட்டுகிற அந்தச் சின்ன மணிகளை விட ஜெல்தான் தொல்லை. சென்சாரில் காற்று நுழைகிற துளை ஊசிமுனை அளவுதான். ஜெல் அதில் காய்ந்தால் ஒரே அளவைக் காட்டிக்கொண்டு இருக்கும். வழியில் வேறு வழியில்லாமல் ஜெல் ஊற்றிவிட்டால், டயரைக் கழற்றும்போது சென்சாரை மெதுவாகத் துடைத்து, கருவியால் படித்துப் பாருங்கள். காற்றுக் குழாயை அந்தத் துளையில் வைத்து ஊதாதீர்கள், உள்சவ்வு கிழியும். பாதையில் பஞ்சர் ஆனால் ஓட்டையில் ரப்பர் திரி சொருகுவதே நல்லது.

ரிம்மிலிருந்து விலகிய டயரை ஈதர் தெளித்துக் கொளுத்தி உட்கார வைக்கும் வித்தையை சென்சார் உள்ள வீலில் செய்ய வேண்டாம்.

பிவிசி பைப்புக்குள்ள நாலு சென்சாரையும் போட்டுக் காற்று அடிச்சு வண்டியில வெச்சா விளக்கு வராதாமே?

பல வண்டிகளில் வராது, உண்மைதான். 35 பிஎஸ்ஐ அடைத்த பைப்பில் சென்சார்கள் “எல்லாம் சரி” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நிஜ டயர் பஞ்சரானாலும் அதையேதான் சொல்லும். அதோடு, அழுத்தக் காற்று நிறைந்த பிவிசி பைப் வெயிலில் காய்ந்து வெடித்தால் துண்டு துண்டாகச் சிதறும். அதை உட்காரும் இடத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவது சரியில்லை. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகுகிற வெளிச் சென்சார் இதை விட ஆயிரம் மடங்கு மேல். கல்லில் உரசி உதிரும், மெல்லிய ரப்பர் வால்வை அதன் எடை ஆட்டும், ஆனால் உண்மையைச் சொல்லும்.

ரோட்டுக்கு ஒரு செட், காட்டுக்கு ஒரு செட் வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் கற்றுக்கொடுக்கணுமா?

ஜேஎல்லில் வேண்டாம், 20 நிமிட ஓட்டம் போதும். டொயோட்டாவில் இரண்டாவது செட்டுக்கு வெற்றுச் சென்சார் வாங்கி, முதல் செட்டின் எண்களை நகலெடுத்துவிடுங்கள். வண்டிக்கு வீல் மாறியதே தெரியாது. ஸ்டெப்னியின் எண்ணை மட்டும் வேறு எந்த வீலுக்கும் நகலெடுக்காதீர்கள். ஒரே வண்டியில் ஒரே எண் இரண்டு இடத்திலிருந்து வேறு வேறு அளவு சொன்னால் எதை நம்புவது என்று தெரியாமல் விளக்கு வந்து வந்து போகும்.

அமெரிக்காவிலிருந்து சென்சார் வாங்கிட்டுப் போய் ஊர்ல இருக்கற வண்டிக்குப் போடலாமா?

ராங்லர் என்றால் இரண்டு ஊரிலும் 433 என்பதால் வாய்ப்பு உண்டு. மாடல் வருடம் பொருந்த வேண்டும். அமெரிக்க டொயோட்டாவின் 315 சென்சாரை வாங்கிப் போய்ப் பயனில்லை. இந்தியாவில் இந்த வேலைக்கு உரிமமின்றித் திறந்துவிட்டிருப்பது 433 அலைவரிசை.

எல்லாம் மாட்டியாச்சு. மூணு வீல் எண் காட்டுது, ஒண்ணு மட்டும் கோடு. டயரைக் கழட்டணுமா?

உடனே வேண்டாம். முதலில் கருவியை அந்த வால்வுக்குப் பக்கத்தில் வைத்து எழுப்புங்கள். பதில் வந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. நீங்கள் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள், அலைவரிசையைப் பாருங்கள், பிறகு இன்னொரு 20 நிமிடம் ஓட்டுங்கள்.

பதிலே வரவில்லை என்றால் அந்த வீலின் காற்றை 10 பிஎஸ்ஐ சட்டென்று இறக்கிவிட்டு மறுபடி கருவியை வையுங்கள். சில சென்சார்கள் திடீர் அழுத்த மாற்றத்துக்கு விழிக்கும். அப்போதும் மௌனம் என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்: வெற்றுச் சென்சாரில் எழுத மறந்திருக்கிறார்கள், அல்லது மாட்டும்போது உடைந்திருக்கிறது. எழுத மறந்ததை, பல வகைகளில், டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே கருவியால் எழுதிவிடலாம். அதை முயன்ற பிறகு டயரைக் கழற்றச் சொல்லுங்கள். வீலை ஆட்டும்போது உள்ளே எதுவோ உருளும் சத்தம் கேட்டால் மட்டும் இந்தப் படிகளை விட்டுவிட்டு, வண்டியை எடுக்காமல் அங்கேயே கழற்ற வையுங்கள். உடைந்த துண்டு டயரின் உட்சுவரை அறுத்துவிடும்.